நீக்கிய புள்ளி

செப்டம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி கொசு எழுதுவது. நான் சௌக்கியம், நீயும் அத்தானும் அப்படியே இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உன் போன் உடைந்துபோனதாக அத்தான் சொன்னார். அவர் போனுக்கு எப்போது அடித்தாலும் "அவ குளிக்கிறா மச்சான்" என்கிறார். உங்கள் ஊரில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தால் அது உன்னால்தான். ஆகவே கடிதம்.

பெட்டியில் இருப்பது கொசுப்பொறி. ஒரு சின்ன விளக்கு, அதன் கீழே விசிறி, அடியில் வலைப்பை. பேட்டரியில் ஓடும். கூடவே கண்ணாடிக் குப்பிகள், திருப்பி அனுப்ப உறைகள்.

என்ன வேலை பார்க்கிறாய் என்று நீ கேட்கும்போதெல்லாம் "கம்ப்யூட்டர்ல கொசு பிடிக்கிறேன்" என்று சொல்லித் தப்பித்திருக்கிறேன். இப்போது ஒழுங்காகச் சொல்கிறேன். ஒரு வகைக் கொசு எங்கெங்கே பிடிபட்டது என்று வரைபடத்தில் புள்ளி வைப்போம். அந்தப் புள்ளிகளில் மழை எவ்வளவு, வெயில் எவ்வளவு, வயலா வீடா என்பதைச் செயற்கைக்கோள் படங்களிலிருந்து எடுத்துக் கணினிக்குக் கொடுப்போம். இந்தக் கொசுவுக்கு எப்படிப்பட்ட இடம் பிடிக்கும் என்று அது கற்றுக்கொண்டு, யாரும் போய்ப் பார்க்காத இடங்களுக்கும் சேர்த்துச் சொல்லும். இருக்கும் இடம் சிவப்பு, இருக்காத இடம் நீலம். மருந்தடிக்கிற வண்டி சிவப்பைப் பார்த்துப் போகும். வண்டி போகாத இடத்தில் காய்ச்சல் வந்தால் என் மண்டை உருளும்.

உன் ஊர் நல்ல நீலம். நீலத்திலும் பொறி வைத்து ஒன்றும் விழவில்லை என்று காட்டினால்தான் மேலிடத்தில் என் வாய்க்கு மதிப்பு. மாதம் ஓர் இரவு போதும். ஒரே ஒரு விதி: நீ எங்கே படுக்கிறாயோ அங்கே, தலைமாட்டுக்குப் பக்கத்தில் தொங்கவிட வேண்டும். ஹாலில் அழகுக்கு மாட்டாதே. கொசு மனித மூச்சைத் தேடி வருவது.

அத்தானுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
கொசு

அக்டோபர் 3

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அத்தானும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

உன் கடிதத்தை அத்தானே பிரித்துப் படித்துக் காட்டினார். மூளைக்காரன்தான் என்று மெச்சிக்கொண்டார். பொறியைக் கழற்றிப் பார்த்து மறுபடி மாட்டினார். மாதாமாதம் பெட்டியைத் தானே தபாலில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். நான் வெளியே அலைய வேண்டாமாம்.

அத்தானுக்கு வேலை அதிகம். ஐந்து மாடிக் கட்டடம், நாற்பது குடித்தனம். தண்ணீர், லிஃப்ட், விளக்கு எல்லாவற்றுக்கும் மேற்பார்வை அவர் ஒருவர். சாவிக்கொத்து இடுப்பில் ஆடும் சத்தம் கேட்டாலே வாசலில் விளையாடும் பிள்ளைகள் உள்ளே ஓடிவிடும். போன வாரம் பேப்பர் போடுகிறவர் வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு மேலே போயிருக்கிறார். இறங்கி வந்ததும் அத்தான் அவர் முகத்தைக் கைப்பிடிக் கம்பியில் மோதினார். பல் தெறித்து லிஃப்ட் வாசல்வரை போனது. "இனிமே சைக்கிள எங்க நிறுத்தணும்னு தெரியும்ல?" என்று கேட்டு, அவரைச் சொல்லவைத்துத்தான் விட்டார். நான் வாளியும் துணியுமாகப் போய்த் துடைத்தேன். இதை உனக்கு எழுதச் சொன்னார். ஆண்பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டுமாம்.

எனக்கு வலது கண் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. அலமாரிக் கதவு இடித்துவிட்டது. நீ கவலைப்படாதே.

பொறியை நீ சொன்ன இடத்திலேயே தொங்கவிட்டேன். குப்பிகளை அனுப்பியிருக்கிறேன். சும்மா இருக்கும் பொறிதான் வேண்டும் என்றாய். சும்மா இல்லை. மன்னித்துக்கொள்.

அன்புடன்,
அக்கா

அக்டோபர் 29

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமே இருக்கிறேன். உன் கண் சரியாகியிருக்கும் என்று நம்புகிறேன். அந்த அலமாரியைத் தூக்கிக் குப்பையில் போடு.

பல் கதையை அலுவலகத்தில் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தார்கள். இங்கேயும் சில பேருக்கு அத்தானுடைய வைத்தியம் தேவை.

குப்பிகளைத் திறந்ததும் எனக்குத்தான் பல் போனது போல இருந்தது. நீலத்தில் ஏன் இத்தனை கொசு? எல்லாம் பொம்பளைக் கொசு, எல்லாம் வயிறு நிறைய ரத்தம். தோட்டத்துப் பக்கம் ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்குகிறாயா? உங்கள் வீடு இருக்கும் நாலாம் மாடிக்கு இவ்வளவு கொசு ஏறி வர வழியில்லையே. பரவாயில்லை, குளிர் வரட்டும். இந்த வகைக் கொசு குளிர் வந்தால் மரப்பொந்து, பாலத்தடி என்று ஒடுங்கிவிடும். கடிக்கவே கடிக்காது. நவம்பர் டிசம்பரில் உன் பொறி காற்றைத்தான் பிடிக்கும்.

எங்கள் பிரிவுக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள். மூக்கைவிடப் பெரிய கண்ணாடி. கொசுவின் மரபணுவைப் பார்த்து வகை சொல்வது அவள் வேலை. வந்த அன்றே என் வரைபடத்துக்குள் அந்த மூக்கை நுழைத்துவிட்டாள். "கொசு பிடிக்கிறவங்க ரோடு போற எடத்துலதான் பிடிச்சிருக்காங்க. நீங்க காட்டுறது கொசு இருக்குற எடமா, ஜீப் போற எடமா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். இன்னும் காந்துகிறது.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

கொசு

டிசம்பர் 6

அன்புத் தம்பிக்கு,

உன் நலத்தை எப்போதும் நினைத்துக்கொள்கிறேன். இங்கு யாவரும் சுகம். கடிதம் தாமதமானதற்குக் காரணம் என் இடது மணிக்கட்டு. படிக்கட்டு ஈரம், வழுக்கி விழுந்தேன். கட்டுப் போட்டிருக்கிறது. எழுதுவது வலது கையால்தானே, ஆனாலும் காகிதத்தைப் பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டுமே.

குளிர் வந்துவிட்டது. வெளியே மூச்சு விட்டால் புகைகிறது என்று அத்தான் சொன்னார். பொறியில் கொசு குறையவில்லை. கடிப்பதும் குறையவில்லை, கழுத்து, கணுக்கால் எல்லாம் தடிப்பு. நீ வேறு மாதிரி சொல்லியிருந்தாய். கொசுக்கள் உன் கடிதத்தைப் படிக்கவில்லை போலிருக்கிறது.

உன் விதியை நான் மீறவில்லை. நான் தூங்கும் இடம் எதுவோ அங்கேதான் பொறி இருக்கிறது.

லிஃப்ட் பழுது பார்க்க வந்தவரை அத்தான் இரும்புக் கதவில் கையை வைக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார். மூன்று விரல் போயிற்று. மெஷினில் மாட்டிக்கொண்டதாக அந்த ஆளே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார், இடது கையால். சாப்பிடும்போது அத்தான் இதை இரண்டு தடவை சொன்னார். கதவு யார் சொன்னால் கேட்கும் என்று என்னைக் கேட்டார். நீங்கள் சொன்னால்தான் என்றேன்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ.

அக்கா

டிசம்பர் 20

அக்கா,

நலம். நீயும் நலமாக இரு, ஆனால் என்னைச் சாகடிக்காதே.

டிசம்பர் மாதத்தில், வயிறு நிறைய மனித ரத்தத்தோடு, உயிர் போகும்வரை துடித்த கொசுக்கள். இது நடக்காது. என் வரைபடம் சொல்கிறது, எழுதிவைத்த புத்தகமெல்லாம் சொல்கிறது. மழை, வெயில், குளிர், காடு, குடியிருப்பு எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டேன். மூன்று வெவ்வேறு முறையில் ஓட்டியும் உன் ஊரில் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுகூட வரவில்லை. ஆகவே நீ செப்டம்பர் குப்பியை மறுபடி அனுப்பியிருக்கிறாய். இல்லாவிட்டால் அத்தான் என் காதில் பூச்சுற்றுகிறார்.

உன் புள்ளியை நீக்கிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. உன் வீட்டை எடுத்துவிட்டால் வரைபடம் எவ்வளவு அழகாக வருகிறது தெரியுமா? சுத்தமான நீலம், துடைத்துவைத்தது போல.

கண்ணாடிக்காரி விடவில்லை. "பிடிச்சது பிடிச்சதுதான் சார். புள்ளி உங்க படத்துக்குப் பொருந்தலைன்னா படத்தத்தான சந்தேகப்படணும்? அனுப்பினவங்க உங்க அக்கா. அவங்கள விடவா அந்தக் கம்ப்யூட்டர நம்புறீங்க?" என்றாள். கையில் டீக் கோப்பை இருந்தது. சுவரைப் பார்த்துத்தான் எறிந்தேன். சில்லு தெறித்து அவள் காதைக் கிழித்துவிட்டது. தோளெல்லாம் ரத்தம். அதற்குப் பிறகு ஒருவரும் என் புள்ளிகளைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அத்தானிடம் சொல், சந்தோஷப்படுவார்.

மணிக்கட்டைப் பார்த்துக்கொள். படிக்கட்டில் நிதானமாக இறங்கு.

கொசு

ஜனவரி 17

அன்புத் தம்பிக்கு,

சுகமா?

அந்தப் பெண்ணின் காது ஆறிவிட்டதா? தையல் போட்டார்களா? வீட்டில் கேட்டவர்களிடம் என்னவென்று சொன்னாளாம்?

நீ நீக்கினாலும் குப்பிகளை அனுப்புகிறேன். இந்தத் தடவையும் நான் தூங்கும் இடத்தில் பிடித்ததுதான். சரியாகத் தூங்கி நாளாயிற்று. மோட்டார் ஓடும் சத்தம் விடுவதில்லை.

அக்கா

பிப்ரவரி 4

அக்கா,

நலமா என்று கேட்க வாய் வரவில்லை.

கண்ணாடிக்காரி காதில் கட்டோடு உட்கார்ந்து உன் ஜனவரிக் குப்பிகளைச் சோதித்திருக்கிறாள். நான் கேட்கவில்லை, அவளாகச் செய்தது. முடிவை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

நாங்கள் தேடும் கொசுவுக்கு ஒரு பங்காளி உண்டு. பார்க்க அச்சு அசல் ஒன்றுபோல இருக்கும். மரபணுவைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். அது வெளியே வாழ்வதில்லை. நிலத்துக்கு அடியில், வெளிச்சமில்லாத அறையில், தேங்கிய தண்ணீரில் பிறந்து அங்கேயே இருக்கும். மண்ணுக்குள் எப்போதும் கதகதப்பு இருப்பதால் குளிர்காலத்திலும் ஒடுங்காது. அங்கே மாட்டிக்கொண்ட ஆளைக் கடித்துக்கொண்டே இருக்கும். நீ அனுப்பியது முழுக்க அந்த வகை. குப்பி மாறவில்லை. யாரும் விளையாடவில்லை.

செயற்கைக்கோள் கூரையைத்தான் பார்க்கும். என் வரைபடத்துக்கு உன் கட்டடம் என்பது வெயில் படும் ஒரு மொட்டைமாடி. அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது, நானும் கேட்கவில்லை. படுக்கும் இடத்தில் வை என்றேன். வைத்தேன் என்று நீ ஒவ்வொரு தடவையும் எழுதினாய். மோட்டார் சத்தம் நாலாம் மாடிக்கு எப்படிக் கேட்கும்?

உங்கள் கட்டடத்துக்கு அடியில் இருக்கும் மோட்டார் அறைக்கு ஒரு தடவை அத்தானோடு இறங்கியிருக்கிறேன். பெரிய தண்ணீர்த் தொட்டி, ஜன்னல் இல்லை, வெளியே தாழ்ப்பாள் போட்ட இரும்புக் கதவு.

நீ எங்கே படுக்கிறாய், அக்கா? உன்னைக் கீழே பூட்டிவைக்கிறாரா? அலமாரிக் கதவு, படிக்கட்டு எல்லாம் அவர் கைதானா? ஒரே ஒரு வரி எழுது. வந்துவிடுகிறேன்.

உன் தம்பி

பிப்ரவரி 15

அன்பு மச்சான் அவர்களுக்கு,

உங்கள் அத்தான் எழுதுவது. நலம், நலமறிய ஆவல்.

உங்கள் கடிதம் கிடைத்தது. வழக்கம்போல நானே பிரித்து உங்கள் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். முதலில் ஒரு தடவை வேகமாக. பிறகு ஒரு தடவை ஒவ்வொரு வரியாக, நிறுத்தி நிறுத்தி. நன்றாகப் புரிந்துகொண்டாள்.

அன்று மாலையே படிக்கட்டில் விழுந்து வலது கையை உடைத்துக்கொண்டாள். இரண்டு இடத்தில். எழுத முடியாது. எழுத வேண்டிய அவசியமும் இனி இல்லை. பொறியும் அவளோடு சேர்ந்து விழுந்து நொறுங்கியது. அரசாங்கப் பொருள் என்பதால் துண்டுகளை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் படித்தவர். கொசு எங்கே படுக்கிறது என்று கண்டுபிடியுங்கள், நாட்டுக்கு நல்லது. என் மனைவி எங்கே படுக்க வேண்டும் என்பது என் சாவிக்கொத்தில் இருக்கிறது. உங்களுக்குப் பல் நன்றாக இருக்கிறது என்று நினைக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அத்தான்

பிப்ரவரி 19

அத்தான் அவர்களுக்கு,

சுகம். சுகம் அறிய ஆவல்.

தவறு என்னுடையது. சோதனையில் குப்பி மாறிவிட்டது, கண்ணாடிக்காரி ஒப்புக்கொண்டாள். அக்காவின் புள்ளியை நிரந்தரமாக நீக்கிவிட்டோம். உங்களைச் சங்கடப்படுத்தியதற்கு மன்னிக்க வேண்டும்.

அனுப்பிய துண்டுகளில் பேட்டரி இல்லை. அந்தப் பக்கம் வேலையாக வரும்போது வாங்கிக்கொள்கிறேன். அதற்காக நீங்கள் வீட்டில் காத்திருக்க வேண்டாம்.

மச்சான்

ஏப்ரல் 2

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. கட்டுப் பிரித்துவிட்டார்கள். எழுத்துக் கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். உன்னை வைத்திருக்கும் இடத்தில் கடிதத்தைப் பிரித்துப் படிப்பார்கள் என்று வக்கீல் சொன்னார். படிக்கட்டும். மறைக்க என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை.

பெண்கள் விடுதியில் மாடியில் இருக்கிறேன். ஜன்னல் உண்டு. கண்ணாடிக்காரிதான் இடம் பிடித்துக் கொடுத்தாள். வாரம் ஒரு முறை வந்து பார்க்கிறாள். காதில் நீளமாக ஒரு தழும்பு. சிரித்துக்கொண்டே காட்டினாள். நான் சிரிக்கவில்லை.

பொறித் துண்டுகளின் விசிறியில் என் முடி தோலோடு சுற்றியிருந்ததாம். அதைப் பார்த்ததும் அத்தானுக்கு மன்னிப்புக் கடிதம் போட்டுவிட்டு நீ கிளம்பிவிட்டாயாம். "தனியா போகாதீங்க, போலீஸோட போகலாம், ஒரு மணி நேரம் பொறுங்க" என்று அவள் கெஞ்சினாளாம். "நான் பாத்துக்கறேன்" என்று நீ அவளைத் தள்ளிவிட்டுப் போனாயாம். இதை அவள் சொல்லித்தான் தெரியும்.

அன்று நடந்ததை நான் பார்த்த மாதிரி எழுதுகிறேன். உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது.

காலை நேரம். மேலே வாளி வைக்கும் சத்தமும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தன. நாற்பது குடித்தனக்காரர்களும் என் தலைக்கு மேலேதான் நடந்தார்கள். பூட்டை யாரோ அடிப்பது கேட்டது. அவர் பூட்டை அடிக்க மாட்டார், சாவி இருக்கிறதே. கதவு திறந்தது. கையில் பைப் ரெஞ்சோடு நீ நின்றாய். என்னைப் பார்த்தாய். நான் எப்படி இருந்தேனோ, உன் முகம் அப்படியே கல்லாகிவிட்டது. "வெளிய போக்கா" என்றாய். எழுந்து நின்றேன். அப்போதுதான் சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது.

"வாங்க மச்சான், சொல்லிட்டு வந்திருந்தா நானே திறந்து விட்டிருப்பேனே" என்றார். கையில் ஒன்றுமில்லை, சாவிக்கொத்து மட்டும். நீ தோளில் அடித்தாய். எலும்பு உடைந்து அவர் உட்கார்ந்துவிட்டார். சாவிக்கொத்து தொட்டியில் விழுந்து மூழ்கியது.

தம்பி, கதவு திறந்திருந்தது. அவரால் எழுந்திருக்க முடியவில்லை. நாம் அப்படியே படியேறிப் போயிருக்கலாம்.

நீ முகத்தில் அடித்தாய். "போதும்டா" என்றேன். தாடை போன சத்தம் மோட்டார் சத்தத்தைத் தாண்டிக் கேட்டது. மறுபடி அடித்தாய். அவர் கையைத் தூக்கினார், கையில் அடித்தாய். கண்ணில் அடித்தாய். "போதும்டா, போதும்டா" என்று கத்திக்கொண்டே உன் காலைப் பிடித்து இழுத்தேன். என்னை உதறினாய். உடைந்த கைமேல் போய் விழுந்தேன். நீ திரும்பிப் பார்த்தாய். யார் என்று தெரியாத மாதிரி பார்த்துவிட்டு மறுபடி அவர் பக்கம் திரும்பினாய்.

அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது.

அவர் பிழைத்துவிட்டார். ஒரு கண் இல்லை, பேச்சும் வரவில்லை. எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை, சத்தியமாக வரவில்லை. அவர் செத்திருந்தால் அழுதிருக்க மாட்டேன். ஆனால் அன்று அந்த அறையில் நான் இரண்டு பேருக்குப் பயந்தேன்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

மே 8

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ ஜன்னல் உள்ள அறையில் இருப்பது பெரிய நிம்மதி.

நீ எழுதியதைப் பல தடவை படித்தேன். உன்னை உதறியது எனக்கு ஞாபகமே இல்லை. நீ சொன்னால் நடந்திருக்கும். ஆனால் அதையெல்லாம் கோர்ட்டில் சொல்ல வேண்டியதில்லை. கொலை முயற்சி என்று வழக்குப் போட்டிருக்கிறார்கள். நிரூபணம் ஆனால் பத்து வருஷம் உள்ளே. வக்கீல் ஒரே வழி சொல்கிறார்: அத்தான்தான் முதலில் கத்தியை எடுத்தார் என்று நீ சொன்னால் போதும். அந்த அறையில் வேறு சாட்சி இல்லை. அவராலும் பேச முடியாது. ஒரு வரிதான், அக்கா. இத்தனை வருஷம் அவருக்காக அலமாரி, படிக்கட்டு என்று எத்தனை சொன்னாய்! எனக்காக ஒன்று சொல்ல மாட்டாயா? உனக்காகத்தானே செய்தேன்.

இங்கே எல்லாம் நல்லபடியாகத்தான் இருக்கிறது. சாப்பாடு, தூக்கம் எல்லாம் நேரத்துக்கு நடக்கிறது. எழுத்துச் சரியில்லை என்று நினைக்காதே. படிக்கட்டு ஈரமாக இருந்தது, வழுக்கி விழுந்ததில் கையில் கொஞ்சம் அடி. கொசுவும் உண்டு. என்ன வகை என்று பார்க்க வெளிச்சம் போதவில்லை.

தம்பி

மே 13

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன், இது நிஜம்.

உன் கடிதத்தைப் படித்து முடிக்கவில்லை, செருப்பை மாட்டிவிட்டேன். படிக்கட்டு என்று நான் எழுதியது உனக்குப் புரியக் குளிர்காலம் முழுதும் ஆயிற்று. எனக்கு அவ்வளவு நேரம் ஆகவில்லை. வக்கீலிடம் போய் "அங்க படிக்கட்டு இருக்கா?" என்று கேட்டேன். "ஒரே தளம்தாம்மா, அங்க ஏது படிக்கட்டு" என்றார். கைதிகளைத் தனியாகப் போடும் அறை ஒன்று இருக்கிறதாம். அதில் விளக்கு இல்லையாம். அவரைக் கையோடு இழுத்துக்கொண்டு போய் நீதிபதியிடம் மனுக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை உன்னை டாக்டரிடம் காட்ட உத்தரவாகியிருக்கிறது. இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிற ஐயா, உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்: அவன் விரல்களை எண்ணிவைத்துக்கொள்ளுங்கள், நான் எண்ணிப் பார்ப்பேன்.

தம்பி, அந்த ஒரு வரியை நான் சொல்ல மாட்டேன்.

நீ கேட்டதில் தப்பில்லை, நானும் மூன்று நாள் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். வாய்க்கு நன்றாகப் பழகிய வேலை அது. அடித்த கையைக் காப்பாற்றத்தான் இவ்வளவு காலம் எனக்கு நாக்கு இருந்தது. அந்த வேலையை விட்டுவிட்டேன். உனக்காகக்கூட மறுபடி சேர முடியாது. அவர் என்னைப் பூட்டியது, கையை உடைத்தது, மாதக்கணக்கில் கொசுவுக்குப் போட்டது எல்லாவற்றையும் சொல்வேன். பேப்பர்காரரையும் லிஃப்ட்காரரையும் தேடிப் பிடித்திருக்கிறேன். அவர்களும் வந்து சொல்வார்கள். நீ என்னைத் தேடி வந்தாய், நீ வந்திராவிட்டால் செத்திருப்பேன் என்று சொல்வேன். போதும் என்று நான் கத்தியதையும் நீ நிறுத்தாததையும் அதே வாயால் சொல்வேன். பத்து வருஷத்தில் எவ்வளவு குறையுமோ குறையட்டும். மிச்சத்துக்கு வாரா வாரம் நான் வருவேன்.

என் புள்ளியைக் கண்ணாடிக்காரி மறுபடி வைத்துவிட்டாள். கூரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதையும் கணினிக்குச் சொல்லித்தர ஊர் ஊராகக் கட்டடக் கணக்கு எடுக்கிறார்கள். படத்தைக் கொண்டுவந்து காட்டினாள். நீலத்துக்கு நடுவில் கடுகளவு சிவப்பு. உன் அழகான படம் கெட்டுப்போயிற்று.

வெள்ளிக்கிழமை டாக்டர் அறை வாசலில் நிற்பேன். சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டு, வெட்கப்படாதே. யார் அடித்தது என்று கேட்டால் பெயரைச் சொல். விழுந்தேன் என்று சொல்லாதே.

சுகமா என்று இந்தத் தடவை கேட்கவில்லை. வந்து பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா